அரை விளக்குக் கணக்கு

அஸ்தம்பட்டிப் பால்காரி குப்பாயிக்குக் கணக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர்கள் அவளிடம் பால் வாங்கியதில்லை என்று அர்த்தம். எழுத்து வாசனை கிடையாது, கைநாட்டுத்தான். ஆனால் ஒரு கட்டு விறகைக் கையில் தூக்கிப் பார்த்தால் அது எத்தனை வேளை உலைக்கு வரும் என்று சொல்லிவிடுவாள். விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போதே, இது வெள்ளிக்கிழமை வரைக்கும் என்பாள். வெள்ளிக்கிழமைதான் திரி கருகும். "ஆத்துல கொட்டுனாலும் அளந்து கொட்டோணும்" என்பது ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அவள் வாயிலிருந்து வரும். தெருக்காரர்களுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பேச்சு. ஆனாலும் வீட்டில் ஒரு விசேஷம் என்றால், எத்தனை படி அரிசி போடுவது, எத்தனை தேங்காய் உடைப்பது என்று முதலில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். அவளும் கொண்டையை அள்ளிச் செருகிக்கொண்டு, இதற்கென்றே காத்திருந்தவள் மாதிரி உட்காருவாள். பெருமை இல்லாமலா? பெருமைதான். இருந்துவிட்டுப் போகட்டுமே, வேறென்ன சொத்து இருந்தது அவளுக்கு?

பிறந்தது எருமப்பட்டிப் பக்கம், குடியானவர் வீட்டில். கட்டிக்கொடுத்த இடத்திலும் காடு கரை இருந்தது. மழை பொய்த்துக் கிணறு காய்ந்ததும் காட்டைப் பங்காளியிடம் விட்டுவிட்டு, புருஷன் நாச்சிமுத்துவோடு சேலத்துக்கு வந்து சேர்ந்தாள். நாச்சிமுத்துவுக்குப் பருத்தி அரைக்கிற ஆலையில் வேலை கிடைத்தது. அதிர்ந்து பேசாத மனுஷன். வாங்கின கூலியை அப்படியே மனைவி கையில் கொடுத்துவிட்டு, வெற்றிலைக்குக் காலணா வேண்டும் என்று அவளிடமே கேட்டு வாங்கிக்கொள்வார். அவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்தே குப்பாயி ஓர் எருமை வாங்கினாள், பிறகு இன்னொன்றும் வாங்கினாள். பங்களா வீடுகளுக்குப் பால் ஊற்றினாள். ஒரே ஒரு மகள். அவளையும் ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஆலைப் பஞ்சு சும்மா விடுமா? வருஷக்கணக்காக மூக்கு வழியே உள்ளே போன தூசி, நாச்சிமுத்துவின் நெஞ்சில் இழுப்பாக வந்து உட்கார்ந்துகொண்டது. வெயில் காலத்தில் பரவாயில்லை. ஏற்காட்டு மலையிலிருந்து ஊதல் காற்று இறங்குகிற கார்த்திகை, மார்கழியில்தான் பாடு. மூச்சு உள்ளே போகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்கும். ஆலை வேலையை விட்டார். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று குப்பாயி கும்முட்டியில் கரி போட்டு அவர் பக்கத்தில் வைப்பாள். குளிர் விடும், ஆனால் புகை பிடித்துக்கொள்ளும்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அந்தக் கும்முட்டியைத் தூக்கித் தெருவில் போடும்மா. இவருக்குப் புகையும் ஆகாது, குளிரும் ஆகாது. போன மார்கழி மாதிரி இன்னொரு மார்கழி போனால் இந்த நெஞ்சு தாங்காது. சொல்லிவிட்டேன்."

புகையில்லாமல் நெருப்பு வேண்டும் என்றால் எங்கே போவது? குப்பாயி அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நடந்தாள். திரும்பி வருகிற வழியெல்லாம் நாச்சிமுத்து அவளுக்குத் தேறுதல் சொல்லிக்கொண்டு வந்தார். நோயாளி அவரா இவளா என்றே தெரியாது பார்த்தவர்களுக்கு.

தெய்வம் எந்த ரூபத்தில் வரும் என்று யார் கண்டது? பால் வாங்குகிற பங்களா ஒன்றில் இருந்த துரைசாணி, வீட்டைக் காலி செய்துகொண்டு சீமைக்குக் கிளம்பினாள். நல்ல மனசுக்காரி. நாச்சிமுத்துவின் இழுப்பைப் பற்றி அவளுக்குத் தெரியும். ஏற்காட்டில் இருந்தபோது வாங்கினதாம், செம்புத் தாம்பாளத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி ஒரு சாமான். நடுவில் வெள்ளைக் கட்டை, அதில் சுற்றின கம்பி. கரண்டு கொடுத்தால் கம்பி சிவக்கும், அனல் வீசும், புகையே இல்லை. எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைத்துக்கொள்ளலாம். "எடுத்துப் போ, குப்பாயி" என்று கையில் கொடுத்துவிட்டாள். குப்பாயி அதைப் பால் குடத்தோடு குடமாகத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். அதற்கு அவள் வைத்த பெயர் கரண்டுக் கும்முட்டி.

வீட்டில் கரண்டு இருந்தது. மேட்டூர்க் கரண்டு வந்த புதிதில், எண்ணெயையும் கரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்து, கரண்டுதான் லாபம் என்று தெருவில் முதல் ஆளாக ஒற்றை விளக்குப் போட்டவள் குப்பாயி. மாசம் பதினைந்தணா பில் வரும். ஒரு மாசம்கூட அதற்கு மேல் வந்தது கிடையாது. இப்போது கும்முட்டிக்குத் தனியாகப் பிளக்கு வைக்க வேண்டும். பழகின ஒயர்மேன் காளியண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் வந்த நேரம் இவள் பால் ஊற்றப் போயிருந்தாள். நாச்சிமுத்துதான் கூட இருந்து வேலையைப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் கும்முட்டியைப் போட்டுப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஆத்தாயியும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள். கம்பி மெல்லச் சிவந்தது. அனல் முகத்தில் அடித்தது. நாச்சிமுத்து இரண்டு கையையும் நீட்டிக் காய்ந்தார். குப்பாயிக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

"அது சரி, இது எவ்வளவு கரண்டு தின்னும்?" என்று கேட்டாள் ஆத்தாயி. கேட்க வேண்டிய கேள்விதானே.

குப்பாயி கொண்டையை அள்ளிச் செருகினாள். எழுந்து போய் விளக்கை அணைத்தாள். கும்முட்டி வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. முறத்தில் ஒரு கை அரிசியைப் போட்டு அதன் முன்னால் வைத்துக் கல் பொறுக்கிப் பார்த்தாள். கல்லும் தெரியவில்லை, அரிசியும் தெரியவில்லை. மறுபடி விளக்கைப் போட்டாள். தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"விளக்குல பாதி வெளிச்சங்கூட இல்ல. திரிய எறக்கி வெச்சா எண்ணெய் மிச்சம் ஆகுமல்ல, அதே மாதிரிதான் இதும். அரை வெளக்கு. ஆனா வெளக்க ஒறங்கப் போகயில நிறுத்திப்போடறோம். இது விடிய விடிய எரியும். நேரம் ரெட்டிப்பு, வெளிச்சம் பாதி. அப்ப ஒரு வெளக்குக் கணக்கு. பதினஞ்சணா வார எடத்துல ஒண்ணேமுக்கால் ரூவாயும் ரெண்டணாவும் வரும். அதுக்கு மேல ஒரு தம்பிடி வராது."

இதை என்னவென்று சொல்வது! எண்ணெய் விளக்கோடு பிறந்து வளர்ந்த கை, வெளிச்சத்தை வைத்துத்தான் செலவை அளக்கும். மங்கலாக எரிந்தால் சிக்கனம், பளிச்சென்று எரிந்தால் ஊதாரித்தனம். ஆத்தாயிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாச்சிமுத்து மட்டும் கம்பியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாளே தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. குப்பாயி வீட்டில் புகையில்லாத கும்முட்டி, மாசம் பதினைந்தணாவில் குளிர் காய்கிறார்கள் என்று பேச்சு. அவளும் பால் ஊற்றுகிற வீடெல்லாம் சொன்னாள். வக்கீல் வீட்டு அம்மாள் மட்டும், "அவ்வளவு கம்மியாகவா?" என்று இழுத்தாள். "பில்லு வரட்டும், பாருங்கம்மா" என்று சவால் விட்டுவிட்டு வந்தாள் குப்பாயி.

அவள் இருட்டோடு எழுந்து பால் பீச்சுகிறவள். விளக்கு வைத்துச் சாப்பிட்டுப் படுத்தால் கட்டை மாதிரி தூங்கிப்போவாள். காதில் இடியே விழுந்தாலும் தெரியாது. படுக்கும்போது கும்முட்டி சிவப்பாக இருக்கும். எழுந்திருக்கும்போதும் சிவப்பாக இருக்கும். நாச்சிமுத்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். "நல்லாத் தூங்குனீங்களா?" என்றால், "தூங்குனேன் சாமி" என்பார்.

ஆனால் இழுப்பு விடவில்லை. மார்கழி பிறந்தது, இழுப்பு ஏறத்தான் செய்தது. பகலெல்லாம் கண் செருகி, எருமைக்குத் தண்ணி காட்டும்போதே நின்றபடி தூங்கி விழுந்தார். புகை கிடையாது, அனல் இருக்கிறது, பிறகு ஏன் இப்படி? மருந்தை மாற்றச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். கசாயம் காய்ச்சினாள். மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். ராத்திரிச் சோற்றை நிறுத்திக் கஞ்சியாக்கிக் கொடுத்தாள். டாக்டர் சொன்ன வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பால் குடத்தோடு நடக்கும்போது, திரும்பி வருவதற்குள் ஏதாவது ஆகியிருக்குமோ என்று பதறுவாள். பதறிப் பதறியே அந்த மாசம் கழிந்தது.

பில் வந்தது. படித்துச் சொல்ல வக்கீல் வீட்டு அம்மாளிடமே கொண்டுபோனாள். ஒரு ரூபாய் பதினான்கணா. சொன்ன கணக்கு அப்படியே, பிசகாமல் வந்திருந்தது. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். கவலையெல்லாம் ஒரு நிமிஷம் மறந்துபோய்க் குப்பாயிக்குத் தலை கொள்ளாத பெருமை. வருகிற வழியில் கம்பத்தடியில் வேலை செய்துகொண்டிருந்த காளியண்ணனைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"ஏப்பா காளியண்ணா, நீயும் ஒயர் இழுக்கறே, கம்பம் ஏறறே. என்ற கணக்கப் பாத்தியா? அரை வெளக்குன்னு சொன்னேன், அச்சுல வார்த்தாப்ல வந்திருக்குது."

காளியண்ணன் பில்லை வாங்கிப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"கும்முட்டி ராத்திரிக்கு எவ்வளவு நேரம் எரியுதுங்கக்கா?"

"விடிய விடிய."

"அப்படி இருக்காதுங்கக்கா. விடிய விடிய எரிஞ்சா இருவத்தஞ்சு ரூவா வந்திருக்கோணும். இதுல கும்முட்டி எரிஞ்ச கணக்கு ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் வந்தாப் பெருசு."

"என்னடா ஒளறறே? அது விளக்குல பாதி வெளிச்சங்கூட இல்லியே!"

"வெளிச்சத்த வெச்சு அளக்கக் கூடாதுங்க. கரண்டுல சூடுதான் செலவு. அது பதினஞ்சு வெளக்கு திங்கறத ஒண்டியாத் திங்கும். பிளக்கு வெக்கறப்பவே அண்ணங்கிட்டச் சொன்னேனுங்களே. ஒரு மணி நேரத்துக்கு ரெண்டணா ஓடிரும், பாத்துப் போடுங்கன்னு. அவுரு உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

குப்பாயி பில்லை வாங்கி மடியில் செருகிக்கொண்டு நடந்தாள். படுக்கும்போது சிவப்பு, எழுந்திருக்கும்போது சிவப்பு. நடுவில்? நடுவில் அவள் என்றைக்குப் பார்த்தாள்? சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது, பகலில் தூங்கி விழுந்தது, எல்லாம் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றது. வீடு போய்ச் சேருவதற்குள் அவளுக்கே மூச்சு முட்டியது.

நாச்சிமுத்து கொட்டகையில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து எருமைக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். குப்பாயி குடத்தை இறக்கி வைத்தாள். சண்டை பிடிக்கத்தான் வந்தாள். வாயில் வந்தது என்னவோ சாதாரணக் கேள்விதான்.

"ஏனுங்க, மீட்டர்ல இப்ப எத்தன ஓடியிருக்குது?"

"தொண்ணூத்தாறு" என்றார் அவர், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மீட்டர் இருந்தது வீட்டுக்குள்ளே, வாசற்கதவுக்கு மேலே. எழுந்து போய்ப் பார்க்காமல் எண்ணைச் சொன்ன மனுஷன், சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கயிற்றைக் கீழே வைத்தார்.

"காளியண்ணன் சொன்னானா?"

"நான் ஒறங்குன ஒடனே நிறுத்திப்போடுவீங்க. நான் எந்திரிக்கற நேரம் பாத்துப் போட்டு வெப்பீங்க. அப்படித்தானே?"

"ஆறு நாளைக்கு ஒரு நம்பர் ஓடலாம் புள்ள. அதுக்கு மேல ஓடுனா மாசக் கடைசியில ஒண்ணே முக்கால் ரூவாயும் ரெண்டணாவும் தாண்டிப் போயிரும். தெனமும் காத்தால பாத்துக்குவேன். கூட ஓடியிருந்தா மறாநா போடறதக் கொறச்சுக்குவேன்."

"அத்தன குளுருல, அந்த இழுப்போட, விடிய விடிய உக்காந்து பல்லக் கடிச்சுட்டு இருந்தீங்களா? எதுக்கு? காசுக்கா? காசு போச்சுன்னா நான் கட்டித் தரமாட்டனா?"

நாச்சிமுத்து, வேகமாகப் பேசினால் இருமல் வரும் என்று நிதானமாகச் சொன்னார்.

"காசுக்கு இல்ல குப்பாயி. நீ கணக்குப் போட்டு ஊரெல்லாஞ் சொல்லிப்போட்டே. வக்கீல் ஊட்டுல சவாலு வேற. என்ன கட்டிக்கிட்டு வந்து நீ என்ன சொகத்தக் கண்டே? காட்டையும் வித்த மாதிரிதான், ஆலையும் போச்சு. உன்ற கணக்கு ஒண்ணுதான் இது வரைக்கும் பொய்யாப் போகல. பில்லு வந்து அதும் பொய்யாப் போச்சுன்னா, உன்ற மொகம் வாடிப்போகுமல்லோ?"

குப்பாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வந்த கோபம் சாமானியமானதில்லை. அவர் மேல் கோபம், தன் மேல் அதைவிடக் கோபம். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திப்போட்டு எழுந்தாள்.

"என்ற மொகம் வாடுனா தண்ணியத் தொளிச்சாச் சரியாப் போயிரும். உங்க மூச்சு நின்னு போச்சுன்னா நான் எதைத் தொளிக்கறதுங்க? என்ற கணக்கு நாசமாப் போகட்டும்! அது யாருக்கு வேணும்?"

உள்ளே போனாள். கும்முட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பட்டப்பகல், வெளியே வெயில் அடிக்கிறது. இவள் சுவிச்சைப் போட்டாள். நாச்சிமுத்துவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைத்துக் கம்பளியை இழுத்துவிட்டாள். "வீணாப் போவுது புள்ள, நிறுத்து" என்றார் அவர். "போகட்டும்" என்றாள். ஆத்துல கொட்டுனாலும் அளந்து கொட்டுகிறவள்! பொழுது இறங்கும் வரைக்கும் அவர் தூங்கினார். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு காளியண்ணனைக் கூப்பிட்டு வைத்துக் கணக்கைத் திருப்பிப் போட்டாள். பாலில்தான் போட்டாள், அவளுக்குத் தெரிந்த அளவு அதுதான். ஒரு மணி நேரம் கும்முட்டி எரிந்தால் அரைப்படிப் பால். விடிய விடிய எரித்தால் இரண்டு எருமையும் போதாது. காளியண்ணன் வழி சொன்னான். சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து, கட்டிலை அங்கே போட்டு, பிளக்கையும் அங்கே மாற்றி, சூடு வெளியே போகாமல் கதவுக்குச் சாக்குப் படுதா கட்டினார்கள். படுக்கும்போது ஒரு மணி நேரம், இழுப்பு அதிகமாகிற விடியற்காலம் இரண்டு மணி நேரம். ஆக ஒன்றரைப்படி. மூன்றாவது எருமை வாங்க என்று நெய்க்கு ஒதுக்கி வைத்த பாலை அதற்குத் திருப்பிவிட்டாள். எருமை அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம். சுவிச்சுக்கு நேர் கீழே தன் பாயைப் போட்டுக்கொண்டாள். அவளைத் தாண்டாமல் யாரும் அதைத் தொட முடியாது. அவ்வளவு தூக்கக்காரி முதல் கோழிக்கே எப்படி எழுந்தாளோ, அது அவளுக்கும் மாரியம்மனுக்கும்தான் தெரியும்.

இழுப்பு அடியோடு விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் முன்பு வாசல் வரை கேட்ட சத்தம், தை பாதியில் கட்டில் பக்கம் போனால்தான் கேட்டது. நாச்சிமுத்து தானே எருமைகளை ஓட்டிக்கொண்டு போய்த் தண்ணி காட்டிவிட்டு வந்தார்.

அடுத்த பில் வந்தது. பதினோரு ரூபாய் ஓரணா. ஆத்தாயி அதைக் கேட்டுவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"அடி ஆத்தி! பதினொரு ரூவாயா? அரை வெளக்குன்னு சொன்னியேடி. உன்ற கணக்கு எங்கடி போச்சு? கரண்டுக்காரன் ஏமாத்திப்போட்டானா?"

"அவன் ஒண்ணும் ஏமாத்தல. என்ற கணக்குத்தான் தப்பு" என்றாள் குப்பாயி. தெருவில் நாலு பேர் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "போன மாசப் பில்லுல அவுரு தூங்குனதே இல்ல. இதுல இருக்கறது அத்தனையும் அவுரு தூங்குன தூக்கம்."

ஆத்தாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. குப்பாயி நெய் விற்ற பணத்தையும் பில்லையும் சேர்த்து மடியில் முடிந்துகொண்டு, கரண்டு ஆபீசுக்கு நடந்தாள்.